தனியார் சொத்தும் பொது வளமும்: உச்சநீதிமன்றம் எங்கே கோடு போட்டது?

2024 நவம்பர் 5 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, தனியார் சொத்து குறித்து ஒரு தீர்ப்பை வழங்கியது. நமது வாட்ஸ்அப் குழுக்களில் அது "இனி யாருடைய சொத்தையும் அரசு எடுக்க முடியாது" என்ற ஒற்றை வரியாகச் சுருங்கி வலம் வந்தது. எட்டு நாள் கழித்து, நவம்பர் 13 அன்று, இரண்டு நீதிபதிகள் அமர்வு வீடுகள் இடிக்கப்படுவது பற்றி இன்னொரு தீர்ப்பைத் தந்தது. இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசுபவர்களை இன்றும் பார்க்கிறோம். ஜும்ஆ முடிந்து நம்மிடம் சந்தேகம் கேட்க வருபவர்களில் பாதிப் பேர், அரசு நிலம் எடுப்பதே சட்டவிரோதமாகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் தீர்ப்பு அப்படி எதுவும் சொல்லவில்லை. அப்படி நம்பிக்கொண்டு, வந்த நோட்டீஸைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு இருக்கும் குடும்பம் பெரும் நஷ்டத்தைச் சந்திக்கும். எனவே இந்தத் தீர்ப்பு எந்தக் கேள்விக்கு விடை சொன்னது, எதைத் தொடாமல் விட்டது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வழக்கு மும்பையில் பிறந்தது. டோங்ரி, பெண்டி பஜார் போன்ற பழைய பகுதிகளில் 1940க்கு முன் கட்டிய கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. ஓர் அறையில் ஒரு குடும்பம், மாடிக்கு ஒரு பொதுக் கழிப்பறை, பல்லாண்டுகளாக உயராத வாடகை. அந்த வாடகையில் பழுது பார்க்க உரிமையாளர் முன்வருவதில்லை. கட்டடம் இடிந்தால் சாவது வாடகைக்கு இருப்பவர். 2017 ஆகஸ்ட் 31 அன்று பெண்டி பஜாரில் ஒரு பழைய கட்டடம் சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தது பலருக்கு நினைவிருக்கலாம்.

இந்தக் கட்டடங்களுக்காக மகாராஷ்டிர அரசு 1976இல் ஒரு வீட்டுவசதிச் சட்டம் இயற்றியது. 1986இல் அதில் ஒரு திருத்தம் செய்தது. கட்டடத்தில் வசிப்பவர்களில் 70 சதவீதம் பேர் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து கேட்டால், அரசு வாரியம் அந்தக் கட்டடத்தை எடுத்து அவர்களிடமே ஒப்படைக்கலாம். உரிமையாளருக்கு மாத வாடகையைப் போல 100 மடங்கு தொகை கிடைக்கும். வாடகையே உறைந்து கிடக்கும்போது அதன் 100 மடங்கு மும்பையின் நில மதிப்பில் எத்தனை சிறிய தொகை என்பதைச் சொல்லத் தேவையில்லை. உரிமையாளர்கள் சங்கம் நீதிமன்றம் போனது. 1991இல் பம்பாய் உயர்நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 1992இல் மேல்முறையீடு உச்சநீதிமன்றம் வந்தது. ஐவர் அமர்வு, எழுவர் அமர்வு என்று ஏறி, 2002இல் ஒன்பது பேர் அமர்வுக்கு அனுப்பப்பட்டு, 2024 ஏப்ரலில்தான் விசாரணைக்கு வந்தது. வழக்கு தொடங்கியபோது பிறந்த குழந்தைக்கு அப்போது 32 வயது.

இதில் யார் பக்கம் நிற்பது என்பது எளிதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெண்டி பஜாரில் அந்த அறைகளில் வசிப்பவர்களில் நம் மக்கள் கணிசமானவர்கள். கட்டட உரிமையாளர்களிலும் நம் மக்கள் உண்டு.

இனி சட்டத்துக்கு வருவோம். அரசியல் சாசனத்தின் பிரிவு 39(பி) அரசுக்குச் சொல்லப்பட்ட ஒரு வழிகாட்டு நெறி. சமுதாயத்தின் பொருள் வளங்களின் உடைமையும் கட்டுப்பாடும் பொதுநன்மைக்கு ஏற்றவாறு பகிரப்படும்படி அரசு தன் கொள்கையை வகுக்க வேண்டும் என்பது அதன் சாரம். வழிகாட்டு நெறிகளை நீதிமன்றம் மூலம் அமல்படுத்த முடியாது என்பதால் இது வெறும் நல்லெண்ண வாசகம் போலத் தோன்றும். ஆனால் 1971இல் செய்த 25ஆவது திருத்தம் இதற்குப் பல் வைத்தது. அத்திருத்தம் சேர்த்த பிரிவு 31சி என்ன சொல்கிறதென்றால், 39(பி)யை நிறைவேற்றுவதற்காக ஒரு சட்டம் இயற்றப்பட்டால், அது பிரிவு 14க்கோ 19க்கோ முரணானது என்று சொல்லி அதைச் செல்லாததாக்க முடியாது.

பிரிவு 14 என்பது சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்ற உரிமை. மும்பைத் திருத்தத்தின் முகப்பிலேயே இது 39(பி)க்காகச் செய்யப்படுகிறது என்று எழுதிவைத்ததன் காரணம் இப்போது புரியும்.

ஆகவே "சமுதாயத்தின் பொருள் வளங்கள்" என்ற சொற்களுக்குள் எது அடங்கும் என்பதுதான் மொத்த வழக்கும். காடு, ஆறு, கனிமம், அலைக்கற்றை அடங்கும் என்பதில் யாருக்கும் சண்டையில்லை. ஒரு தனி மனிதரின் வீடு அடங்குமா? 1977இல் கர்நாடகத்தில் தனியார் பேருந்துகளை அரசு எடுத்துக்கொண்ட ரங்கநாத ரெட்டி வழக்கில், நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அடங்கும் என்று எழுதினார். தனியாரிடம் இருப்பதும் சமுதாயத்தின் வளமே என்பது அவர் பார்வை. 1957இல் கேரளத்தின் முதல் ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் அமைச்சராக இருந்தவர் அவர். ஏழு பேர் இருந்த அமர்வில் அவருடன் சேர்ந்தவர்கள் இருவர். மற்ற நால்வர் இந்தக் கருத்தை ஏற்பதாகச் சொல்லவில்லை. ஆனாலும் 1982இல் நிலக்கரி தொடர்பான சஞ்சீவ் கோக் வழக்கில் ஐவர் அமர்வு அந்தச் சிறுபான்மைக் கருத்தையே எடுத்துக்கொண்டது. அதுவே நாற்பதாண்டுகள் சட்டமாக நின்றது.

2024 தீர்ப்பு அந்த நாற்பதாண்டு நிலையை மாற்றியது. தலைமை நீதிபதி சந்திரசூட் ஏழு பேருக்காக எழுதிய தீர்ப்பின்படி, ஒரு பொருள் மனிதத் தேவையை நிறைவு செய்கிறது என்பதால் மட்டும் அது சமுதாயத்தின் வளமாகிவிடாது. அதேவேளை தனியார் சொத்து ஒருபோதும் அதற்குள் வராது என்றும் அவர் சொல்லவில்லை. அந்த வளத்தின் தன்மை என்ன, சமுதாய நலனில் அதன் தாக்கம் என்ன, அது எவ்வளவு அரிதானது, சிலர் கையில் குவிந்தால் என்ன விளையும் என்று ஒவ்வொரு வழக்கிலும் பார்க்க வேண்டும். நீதிபதி நாகரத்னா முடிவில் பெருமளவு உடன்பட்டுத் தனியே எழுதினார். உடுதுணி, வீட்டுச் சாமான், அணியும் நகை போன்ற சொந்தப் பொருட்கள் எந்நாளும் இதற்குள் வரமாட்டா என்று அவர் பிரித்துக் காட்டினார். நீதிபதி சுதான்ஷு துலியா மட்டும் மாறுபட்டார். 2022இல் ஹிஜாப் வழக்கில் மாணவிகள் பக்கம் தீர்ப்பு எழுதியவர் இவர்தான். ஏற்றத்தாழ்வு இன்னும் ஒழியாத நாட்டில், எது பொது வளம் என்று முடிவெடுக்கும் வேலையைச் சட்டமன்றத்திடம் விட வேண்டும், நீதிமன்றம் முன்கூட்டியே அதைக் குறுக்கக் கூடாது என்பது அவர் வாதம்.

நகை என்றதும் வாசகர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். இந்த விசாரணை தொடங்கியது 2024 ஏப்ரல் 23 அன்று. அதற்கு இரண்டு நாள் முன்புதான் ராஜஸ்தானின் பான்ஸ்வாராவில் பிரதமர், எதிர்க்கட்சி வென்றால் தாய்மார்களின் தாலித் தங்கம் வரை எடுத்து முஸ்லிம்களுக்குப் பங்கிட்டுவிடும் என்ற பொருள்படப் பேசியிருந்தார். நாற்பதாண்டு காலம் கிருஷ்ணய்யரின் விரிந்த விளக்கம் சட்டமாக இருந்தபோதும் எந்த அரசும் யாருடைய தாலியையும் கேட்டதில்லை என்பது மேடையில் யாருக்கும் தேவைப்படாத தகவல்.

பெரும்பான்மைத் தீர்ப்பில் நமக்கு உடன்பாடில்லாத ஓர் இடம் உண்டு. சாசனத்தை வகுத்தவர்கள் நாட்டை எந்த ஒரு பொருளாதாரக் கொள்கைக்கும் கட்டிப்போடவில்லை, கிருஷ்ணய்யரின் விளக்கம் ஒரு குறிப்பிட்ட கொள்கையைச் சாசனத்துக்குள் நுழைக்கிறது என்று அதில் விமர்சிக்கப்பட்டுள்ளது. 1991க்குப் பிறகான சந்தைச் சீர்திருத்தங்களையும் அது சுட்டுகிறது. ஆனால் இன்றைய பொருளாதாரப் போக்கைக் காரணமாகக் காட்டி நேற்றைய விளக்கத்தை விலக்குவதும் ஒரு பொருளாதாரப் பார்வைதானே? மறைந்த நீதிபதியை இப்படி விமர்சித்ததை நாகரத்னா, துலியா இருவருமே ஏற்கவில்லை.

ஆனாலும் சிறுபான்மைச் சமுதாயமாக நாம் இந்தத் தீர்ப்பின் விளைவை வேறொரு கோணத்தில் எடைபோட வேண்டும். எல்லாத் தனியார் சொத்தும் சமுதாய வளம் என்று வைத்துக்கொண்டால், "பொதுநன்மைக்காகப் பகிர்கிறோம்" என்று முகப்பில் எழுதி ஒரு மாநில அரசு எந்தத் தெருவையும் எடுக்கச் சட்டம் போடலாம். ஏன் எங்கள் தெரு மட்டும், பக்கத்துத் தெரு ஏன் இல்லை என்று பிரிவு 14இன் கீழ் கேட்க நினைத்தால், 31சி குறுக்கே நிற்கும். கிருஷ்ணய்யர் மனதில் இருந்தது நிலமற்ற ஏழை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் சட்டத்தின் ஆயுதம் யார் கையில் இருக்கிறது என்பது ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறும். கோடு குறுகியதால் சமத்துவக் கேள்வி கேட்கும் வாசல் திறந்திருக்கிறது. 31சி பிரிவே உயிரோடு இல்லை என்ற வாதத்தையும் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக நிராகரித்துவிட்டதால், இந்த வாசல் முக்கியமானது.

இந்தத் தீர்ப்பு மும்பைச் சட்டம் செல்லுமா என்ற மூலக் கேள்வியைத் தொடவில்லை. அதை வழக்கமான அமர்வுக்கே திருப்பி அனுப்பியது. அந்த அறைகளில் இருப்பவர்களுக்கு 32 ஆண்டுக்குப் பிறகும் விடை வரவில்லை.

யார் தொடுத்த வழக்குகள்?

சொத்து பற்றிய நம் அரசியல் சாசனச் சட்டம் முழுவதும் வசதி படைத்தவர்களின் வழக்குகளில் உருவானது. 1951இல் பாட்னா உயர்நீதிமன்றத்தில் பீகார் நிலச் சீர்திருத்தச் சட்டத்தை வீழ்த்தியவர்கள் ஜமீன்தார்கள். அதற்குப் பதிலாக வந்ததே முதல் சாசனத் திருத்தமும், நீதிமன்றம் தொட முடியாதபடி சட்டங்களைப் பூட்டிவைக்கும் ஒன்பதாவது அட்டவணையும். 1969 ஜூலை 19 அன்று இந்திரா காந்தி 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்கியபோது எதிர்த்து வந்தவர் ஒரு வங்கிப் பங்குதாரர். 1970 பிப்ரவரி 10 அன்று பதினொரு பேர் அமர்வில் பத்துப் பேர் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றனர். சில நாட்களிலேயே குறையைச் சரிசெய்து அரசு மீண்டும் எடுத்துக்கொண்டது. 1973 ஏப்ரல் 24 அன்று வந்த கேசவானந்த பாரதி தீர்ப்பு, காசர்கோடு எடநீர் மடத்தின் தலைவர் கேரள நிலச் சீர்திருத்தத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கு. சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றமும் மாற்ற முடியாது என்று பதின்மூன்று பேரில் ஏழு பேர் சொன்னது அதில்தான். 1980இல் அதை உறுதிசெய்த மினர்வா மில்ஸ் வழக்கு, பெங்களூரின் ஒரு துணி ஆலையைப் பற்றியது.

தமிழகமும் இந்தக் கதையில் உண்டு. 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டத்தை உச்சநீதிமன்றம் 1964இல் செல்லாததாக்கியது. அதே ஆண்டு 17ஆவது திருத்தம் அதை ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்துக் காப்பாற்றியது. நீலகிரி மாவட்டம் கூடலூரின் ஜன்ம நிலங்கள் பற்றிய 1969ஆம் ஆண்டுச் சட்டமும் இப்படியே அட்டவணைக்குள் போனது. அதிலிருந்து வளர்ந்த கொயலோ வழக்கில் 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது பேர் அமர்வு ஒருமனதாக ஒரு முடிவு சொன்னது. 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அட்டவணையில் சேர்த்த சட்டங்களையும் அடிப்படைக் கட்டமைப்புக்கு ஏற்றவையா என்று ஆராயலாம். நம் மாநிலத்தின் 69 சதவீத இடஒதுக்கீட்டுச் சட்டம் 1994இல் அந்த அட்டவணைக்குள் போனது என்பதை நினைவில் வைத்தால், கூடலூர்த் தோட்டங்களின் வழக்கு நம் பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கையையும் ஏன் தொடுகிறது என்று விளங்கும்.

இத்தனை இழுபறிக்குப் பிறகு 1978இல் 44ஆவது திருத்தம், சொத்துரிமையை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்தே எடுத்தது. மிஞ்சியது பிரிவு 300ஏ. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எவருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்று சொல்லும் ஒற்றை வரி.

ஒற்றை வரிக்குள் ஏழு உரிமைகள்

ஒன்பது பேர் தீர்ப்பைவிட நம் குடும்பங்களுக்கு அதிகம் பயன்படுவது, நாளிதழ்களில் அவ்வளவாக இடம்பெறாத இன்னொரு தீர்ப்பு. 2024 மே 16 அன்று கொல்கத்தா மாநகராட்சி தொடர்பான வழக்கில் நீதிபதி நரசிம்ஹா எழுதியது. 300ஏயின் அந்த ஒற்றை வரியில் இருப்பது சொத்துக்காரருக்கான ஏழு தனித்தனி உரிமைகள் என்று அவர் விரித்தார். சொத்தை எடுக்கப்போவதாக முன்னறிவிப்பு தர வேண்டும். ஆட்சேபணையைக் கேட்க வேண்டும். காரணம் சொல்லி முடிவெடுக்க வேண்டும். எடுப்பது பொதுநோக்கத்துக்காக இருக்க வேண்டும். நியாயமான இழப்பீடு தர வேண்டும். இழுத்தடிக்காமல் செய்ய வேண்டும். நடவடிக்கை முறையாக முடிந்து சொத்து அரசிடம் சேர வேண்டும். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் எடுப்பு செல்லாமல் போக வாய்ப்புண்டு.

அரசும் நீதிபதியின் முன் நிற்க வேண்டும் என்பது நமக்குப் புதிதல்ல. மதீனாவின் பள்ளிவாசலை விரிவாக்க உமர் (ரலி) அவர்கள் அப்பாஸ் (ரலி) அவர்களின் வீட்டைக் கேட்டதும், அவர் தர மறுத்ததும், வழக்கைக் கேட்ட உபை இப்னு கஅப் (ரலி) அவர்கள் கலீஃபாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்ததும், அதன்பின் அப்பாஸ் (ரலி) அவர்கள் விலை வாங்காமலே வீட்டை விட்டுத் தந்ததும் வரலாற்று நூல்களில் பதிவாகியுள்ளன.

நவம்பர் 13 தீர்ப்பு இதே வழியில் வந்ததுதான். 2022இல் டெல்லி ஜஹாங்கீர்புரியில் புல்டோசர் வந்தபோது ஜம்இய்யத்துல் உலமாயே ஹிந்த் தொடுத்த மனுக்களும் சேர்ந்த வழக்கு அது. நீதிபதிகள் கவாய், விஸ்வநாதன் அமர்வு சொன்னது: நோட்டீஸ் தந்து 15 நாள் அவகாசம். நேரில் விசாரணை. இடிப்பதைத் தவிர வேறு வழி ஏன் இல்லை என்று உத்தரவில் எழுத வேண்டும். உத்தரவுக்குப் பிறகும் 15 நாள். இடிப்பு வீடியோவில் பதிவாக வேண்டும். மீறும் அதிகாரி தன் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுக்க வேண்டும். ஒருவர் மீது வழக்கு இருக்கிறது என்பதற்காக அவர் குடும்பத்தின் கூரையைப் பறிக்க நிர்வாகத்துக்கு அதிகாரமில்லை. ஆனால் சாலை, நடைபாதை, ரயில் பாதையோரம், நீர்நிலை ஆகிய இடங்களில் உள்ள ஆக்கிரமிப்புக்கு இந்தக் காப்பு கிடையாது. இந்த விதிவிலக்கைச் சொல்லாமல் தீர்ப்பைப் பகிர்பவர்கள் ஏழைகளை ஏமாற்றுகிறார்கள். 2025 ஏப்ரல் 1 அன்று பிரயாக்ராஜில் 2021இல் முறையின்றி இடித்த வீடுகளின் உரிமையாளர்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தரும்படி உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. அவர்கள் வென்றது முறையாக நோட்டீஸ் சேரவில்லை, மேல்முறையீட்டுக்கு அவகாசம் தரவில்லை என்ற வாதத்தில்தான்.

தமிழகத்தில் நமக்கு அன்றாடம் வரும் பிரச்சினை புல்டோசர் அல்ல, நில எடுப்பு. 2013ஆம் ஆண்டின் மத்திய நில எடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீடு, தனியார் நிறுவனத்துக்காக என்றால் 80 சதவீதம் பேரின் சம்மதம், சந்தை மதிப்புக்கு மேல் 100 சதவீத ஆறுதல் தொகை என்று பல காப்புகளைத் தந்தது. ஆனால் தமிழக அரசு, தன் நெடுஞ்சாலைச் சட்டத்தையும் தொழில் நோக்க நில எடுப்புச் சட்டத்தையும் ஆதிதிராவிடர் நலத்துக்கான நில எடுப்புச் சட்டத்தையும் அதிலிருந்து விலக்கிக்கொண்டது. சென்னை உயர்நீதிமன்றம் 2019 ஜூலையில் இது செல்லாது என்றது. சட்டமன்றம் புதிய சட்டம் போட்டு மீட்டது. 2021 ஜூன் 29 அன்று உச்சநீதிமன்றம் அதை ஏற்றது. ஆக, தொழிற்பேட்டைக்கோ மாநில நெடுஞ்சாலைக்கோ எடுத்தால் இழப்பீட்டு விதிகள் பொருந்தும், சமூகத் தாக்க மதிப்பீடு கிடையாது. சென்னை–சேலம் எட்டுவழிச் சாலை வழக்கிலும் உயர்நீதிமன்றத்தில் வென்ற விவசாயிகள், 2020 டிசம்பர் 8 அன்று உச்சநீதிமன்றத்தில் முக்கியமான பகுதியை இழந்தார்கள். உச்சநீதிமன்றம் எப்போதும் உரிமையாளர் பக்கம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம்.

(வக்ஃபு திருத்தச் சட்டம் தனி விவாதம். அதை இங்கே கலக்கவில்லை.)

எஞ்சியிருப்பது நாள் கணக்கு. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல்நிலை அறிவிக்கை வெளியானதிலிருந்து 60 நாளுக்குள் ஆட்சேபணை தர வேண்டும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 21 நாள்தான். இழப்பீடு போதாது என்றால், தீர்வம் வழங்கியபோது நேரில் இருந்தவர் ஆறு வாரத்துக்குள் எழுத்து மூலம் கேட்க வேண்டும். ஆட்சேபணையை வாயால் சொல்லிவிட்டு வருவதில் பயனில்லை. எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வர வேண்டும்.

இதைவிட நம் குடும்பங்களைப் பாதிப்பது ஒன்று இருக்கிறது. ஃபராயிள் முறைப்படி பங்கு பிரித்துத் தரும்படி நம்மிடம் வருபவர்கள் பலர். காகிதத்தில் மகனுக்கு இவ்வளவு, மகளுக்கு இவ்வளவு, மனைவிக்கு எட்டில் ஒன்று என்று எழுதி வாங்கிப் போகிறார்கள். அதன்பின் பத்திரப் பதிவுக்கோ வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ போவதில்லை. பட்டா இறந்துபோன பாட்டனார் பெயரிலேயே இருக்கிறது. நோட்டீஸ் அந்தப் பெயருக்குத்தான் வரும். ஊரில் இருக்கும் ஒரு மகன் கையெழுத்துப் போடுகிறார், சிங்கப்பூரிலும் சவூதியிலும் இருப்பவர்களுக்குத் தெரிவதே இல்லை. உரிமை யாருக்கு என்பதில் தகராறு என்றால் இழப்பீட்டுத் தொகை குடும்பத்தின் கைக்கு வராது. சட்டப்படி நியமிக்கப்பட்ட தீர்ப்பாணையத்தில் கட்டப்பட்டுவிடும். அதை எடுக்கத் தனி வழக்கு நடத்த வேண்டும். தகராறு எழவில்லை என்றால் இன்னும் மோசம்: திருமணமாகிப்போன சகோதரிகளின் பங்கு சத்தமில்லாமல் மற்றவர் கணக்கில் போய்ச் சேரும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பட்டா மாற்றம் ஆகிய மூன்றையும் அறிவிக்கை வருவதற்கு முன்பே முடித்து, எல்லா வாரிசுகளின் பெயரையும் கூட்டுப் பட்டாவில் ஏற்றிவைத்த குடும்பத்துக்கு நோட்டீஸ் சகோதரியின் பெயரிலும் வரும், ஆட்சேபணை எழுதவும் காசோலை வாங்கவும் அவருக்கும் வழி இருக்கும்.